வழியனுப்ப வந்தவர்கள்

குவைத்துக்குப் போகிறவன் ஒருவன்தான். அவனை வழியனுப்ப மருங்காபுரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். விமான நிலையத்தில் பயணம் போகிறவனை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். வேன் திரும்பி வந்து, லூர்து நகர் இரண்டாம் தெருவில் ஒரு புங்கமர நிழலில் நின்றது. விமானம் மேலே எழும்பிக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவர்கள் ஊர் திரும்ப மாட்டார்கள். இனி அவன் முகத்தைப் பார்க்க எத்தனை வருஷம் ஆகுமோ, ஏறிய விமானத்தையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று நிற்பார்கள்.

நிற்பதில் லூர்து நகர்க்காரர்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மனுஷர்கள் சும்மா நிற்பதில்லையே. கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள், இலையைப் போடுவார்கள், குழந்தைக்குக் கால் கழுவுவார்கள், ஒதுங்க இடம் தேடுவார்கள். அன்று மத்தியானம், வாயும் வயிறுமாக இருந்த ஒரு பெண், குவைத்துக்குப் போகிறவனின் மனைவி, சகாயம்மாள் வீட்டுக் கேட்டைத் தட்டி, "பாத்ரூம் போகணும்க்கா" என்று கேட்டாள். சகாயம்மாள் முடியாது என்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் வேனில் வந்த ஒருவர் அதே வீட்டுப் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சகாயம்மாள் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். அப்புறம் கேட்க வேண்டுமா, தெருவே கூடிவிட்டது.

வார்டு கவுன்சிலர் பெலிண்டாவுக்குப் போன் பறந்தது. பெலிண்டா கவுன்சிலராகி இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன் பாலக்கரையில் ஒரு டிராவல்ஸில் விமான டிக்கெட் போட்டுக்கொடுக்கும் வேலை. கட்சி எதுவும் இல்லாமல் சுயேச்சையாக நின்று ஜெயித்தவள். கணவன் பிராங்க்ளின் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறான். அவள் தன் ஸ்கூட்டியை நிறுத்தியபோது சகாயம்மாளின் குரல் தெரு முனை வரைக்கும் கேட்டது.

"வந்துட்டியா? வா. இந்த வேனை இப்பவே இங்கேருந்து கிளப்பு. இல்லன்னா நான் டயரைக் கிழிச்சுடுவேன்."

தலை நனைந்தவரை நாலு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேன் படியில் அந்தக் கர்ப்பிணிப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெலிண்டா யாருக்கும் பதில் சொல்லாமல் நேராக அவளிடம் போனாள். "என் வீடு பக்கத்துத் தெருதான். வண்டியில ஏறிக்கம்மா" என்று தன் ஸ்கூட்டியிலேயே உட்கார வைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்தபோது கூச்சல் அடங்கியிருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர், போகிறவனின் தகப்பனார் சின்னையா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சகாயம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். பெலிண்டாவைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

"நீங்கதான் கவுன்சிலரா? உள்ளே போனா டிக்கெட் எங்கேங்குறாங்க. வெளியே நின்னா யாரு வீட்டு வாசல்ல நிக்கிறேங்குறாங்க. எல்லா ஊர்லயும் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு கூரை இருக்குங்க. இங்கே பிளேன் ஏத்தி விட வந்தவனுக்கு ஒண்ணுமில்லை. நாங்க எங்கதாங்க நிக்கிறது?"

டிராவல்ஸில் இருந்த காலத்தில் பெலிண்டா ஆயிரக்கணக்கில் டிக்கெட் போட்டிருக்கிறாள். மஸ்கட், துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போகிறவனோடு அவள் நினைப்பு முடிந்துவிடும். அவனுக்குப் பின்னால் ஒரு வேன் வரும் என்று தோன்றியதே இல்லை. "கேட்டுச் சொல்றேங்க" என்றாள். சொன்ன பிறகுதான், யாரிடம் கேட்பது என்று யோசித்தாள்.

அடுத்த வாரமே கேட்க ஆரம்பித்தாள். மாநகராட்சிப் பொறியாளர் நிதானமாகச் சொன்னார்: "விமானம் ஏத்தி விட வர்றவங்க விமான நிலையத்தைச் சேர்ந்தவங்க மேடம். நாம வரி வாங்குறது நம்ம ஊர்க்காரங்ககிட்ட. புதுக்கோட்டைக்காரனுக்கும் மருங்காபுரிக்காரனுக்கும் நாம எந்தக் கணக்குல கட்டுறது?" அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெலிண்டா விமான நிலையத்துக்குப் போனாள்.

அங்கே நிதிப் பிரிவில் இருந்தவர் அனந்தபத்மநாபன். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. மேசையில் ஒரு தாள்கூட அதிகமில்லை.

"வாங்கோ, உக்காருங்கோ. நீங்க சொல்றது எனக்கும் தெரியும். தினம் ஆபீஸ் விட்டுப் போறச்சே பார்க்கறேன். ஆனா எங்க வேலிக்கு வெளியிலே நிக்கறவாளுக்கு நாங்க பிரயாணிகள் வசதின்னு செலவு பண்ண முடியாது. வேலிக்கு உள்ளே அவா வர முடியாது. புரியறதா?"

"அப்ப வழியே இல்லையா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரு நிதி இருக்கு. சுத்துப்பட்டு மக்களோட நன்மைக்குன்னு வருஷா வருஷம் ஒதுக்கறது. இந்த வருஷத்துக்கு ரவுண்டானாவிலே ஒரு நீரூற்று வைக்கலாம்னு பேச்சு."

"நீரூற்றா? அதுல யாரு சார் ஒதுங்க முடியும்?"

அனந்தபத்மநாபனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கறாரானார். "கட்டிக் கொடுக்கலாம். ஒரு தடவைச் செலவு, அவ்வளவுதான். கட்டினதுக்கு அப்புறம் யார் கழுவுவா? யார் கரண்டுக்குக் கட்டுவா? தண்ணி யாரோடது? கட்டிப் பூட்டிப் போட்ட கழிப்பறை எத்தனை பார்த்திருக்கேன் தெரியுமா? வருஷா வருஷம் நடத்தற செலவை மாநகராட்சி ஏத்துக்கறதுன்னு தீர்மானம் கொண்டுவாங்கோ. ரெண்டாவது, இது சுத்துப்பட்டு மக்களுக்கான நிதி. உங்க தெரு ஜனங்களுக்கு இதனாலே என்ன பிரயோஜனம்னு நான் நேர்ல வந்து அவா வாயாலே கேக்கணும். மார்ச் முடியறதுக்குள்ளே. இல்லேன்னா நீரூற்றுதான்."

வெளியே வந்த பெலிண்டாவுக்கு முடியும் என்றே தோன்றியது. முடியாது என்று சொல்கிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இன்னது இன்னது செய்தால் முடியும் என்று சொன்ன முதல் ஆள் இவர்.

இடம்தான் பொல்லாத சிக்கல். லூர்து நகர் முனையில், பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்த மனை மாநகராட்சி வசம் சும்மா கிடந்தது. விமான நிலையத்துக்கு நடந்து போகிற தூரம். அந்த ஒரு மனையைக் காட்டித்தான் பெலிண்டா ஓட்டுக் கேட்டிருந்தாள். அங்கே சமுதாயக் கூடம் வரும், வாடகை மண்டபத்துக்குக் கொட்டிக் கொடுக்காமல் நிச்சயதார்த்தமும் வளைகாப்பும் நம் தெருவிலேயே நடத்தலாம் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தாள்.

"இதைப் போய் எப்படிச் சொல்லப் போறே?" என்றான் பிராங்க்ளின், சாப்பிட்டுக்கொண்டே.

"உள்ளதை உள்ளபடிதான் சொல்லணும்."

"மெதுவா, ஒவ்வொருத்தராப் பார்த்துப் பேசேன்."

"ஒவ்வொருத்தராச் சொன்னா ஊர் பூரா ஒவ்வொரு மாதிரி பேசும். ஒரே தடவையாத் திட்டு வாங்கிக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா சிலை இருக்கும் கெபிக்கு முன்னால் தெருக் கூட்டம் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. மனையில் சமுதாயக் கூடம் வரப்போவதில்லை, வழியனுப்ப வருகிறவர்களுக்கு ஓய்வுக் கூடமும் கழிப்பறையும் வரும் என்றாள். உடனே சகாயம்மாள் எழுந்தாள். போன வருஷம்தான் மகள் கல்யாணத்துக்கு வாடகை மண்டபம் பிடித்துக் கழுத்தளவு கடனில் நின்றவள் அவள்.

"ஓட்டுக் கேக்க வந்தப்ப என்ன சொன்னே நீ?"

"சமுதாயக் கூடம்னு சொன்னேன்க்கா."

"இப்ப?"

"இப்ப இல்லைன்னு சொல்றேன். வேற யாரும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னுதான் வந்தேன்."

"எவனோ எங்கேயோ போறான். அவன் பொண்டாட்டி புள்ளைக்கு நம்ம இடமா? அவங்களா உனக்கு ஓட்டுப் போட்டாங்க? அடுத்த தடவை இந்தத் தெருவுல ஒரு ஓட்டு உனக்குக் கிடையாது, பார்த்துக்க."

"போடாதீங்க. அது உங்க உரிமை" என்றாள் பெலிண்டா. "ஆனா ஒண்ணு கேக்கறேன். அவங்க வர்றதை நம்மால நிறுத்த முடியுமா? புது டெர்மினல் வந்ததுக்கு அப்புறம் வேன் கூடிக்கிட்டுத்தான் போகுது. நீங்க தினமும் மாடியில வாளியோட நிப்பீங்களா?"

சிலர் சிரித்தார்கள். சகாயம்மாள் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டாள். அவளோடு பாதிக் கூட்டமும் போனது.

பெலிண்டாவுக்கு உள்ளுக்குள் வலித்தது. சகாயம்மாள் அவளுக்காக வெயிலில் ஓட்டுக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள். ஆனாலும் சொன்னதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. திங்கட்கிழமை மாநகராட்சி நிதிக் குழுவில் பேச நேரம் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

நிதிக் குழுத் தலைவர் ஹபீபுல்லா பாலக்கரைக்காரர், ஜவுளி வியாபாரி. எதையும் முழத்தை வைத்து அளந்துதான் பேசுவார். ஒரு மனுவையும் தூக்கிப் போட மாட்டார், ஒரு பைசாவையும் சும்மா விட மாட்டார். பட்ஜெட் தயாராகிற நேரம். அறை நிறையத் தங்கள் தங்கள் வார்டுக்காகக் காத்திருந்த ஆட்கள். பெலிண்டா சொல்லி முடித்ததும் அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"விமான நிலையம் கட்டித் தருதுங்கறது நல்ல விஷயம்மா. ஆனா நடத்துறது நம்ம தலையில. அது ஒரு வருஷத்தோட போற செலவு இல்லை, கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி. என் வார்டுல மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ளே வருது. அவங்க நம்ம ஜனங்க, வரி கட்டுறவங்க. அவங்களை உட்கார வச்சிட்டு, வெளியூர்க்காரங்களுக்கு நான் எப்படிப் பணம் ஒதுக்குறது? அவங்கள்ல எத்தனை பேரு நம்ம ஓட்டு?"

இந்தக் கேள்வி வரும் என்று பெலிண்டாவுக்குத் தெரியும். பதிலையும் வைத்திருந்தாள்.

"ஒருத்தர்கூட இல்லை பாய். ஆனா வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வர்றாங்களே, அவங்கள்ல எத்தனை பேரு நம்ம ஓட்டு? ஆடிப் பெருக்குக்கு அம்மா மண்டபத்துல இறங்குற கூட்டத்துல எத்தனை பேரு நமக்கு வீட்டு வரி கட்டுறாங்க? அவங்களுக்குத் தண்ணித் தொட்டி, கழிப்பறை, துப்புரவு ஆளு, எல்லாம் வருஷா வருஷம் இந்த அறையில உக்காந்துதானே ஒதுக்குறோம்? யாராவது ஓட்டுச் சீட்டைக் கேட்டோமா? வந்தவங்களைப் பார்த்துக்கறதுதான் இந்த ஊரு. ஏகாதசி வருஷத்துல ஒரு தடவை. எங்க தெருவுல தினமும் ஏகாதசி."

குழுவில் இருந்த ஸ்ரீரங்கத்து உறுப்பினர் பூமா அதுவரைக்கும் தன் வார்டு மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். பெலிண்டாவுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. திருவிழாவை இழுத்தது அவருக்குப் பிடிக்காமல் போயிருந்தால்?

"அவ சொல்றது வாஸ்தவம்" என்றார் பூமா. "எங்க வீதியிலே ஏகாதசிக்கு வந்தவா ராத்திரி பூரா படுத்துண்டிருப்பா. எங்க வீட்டுக் குழாயடியிலே குளிப்பா. பெருமாள் சேவிக்க வந்தவாளை ஊர் எங்கேன்னு கேக்கறதில்லை. பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பிட்டு அழுதுண்டு நிக்கறவாளை மட்டும் ஏன் கேக்கணும்? பணம்தான் பிரச்சினைன்னா அதைப் பேசுவோம்."

அப்புறம் பணத்தைப் பேசினார்கள். கூடத்தில் ஒரு டீக்கடை வைக்கலாம், அதன் வாடகை முதலில் பராமரிப்புக்குப் போகட்டும், துண்டு விழுவதை மட்டும் மாநகராட்சி போடட்டும் என்று பெலிண்டா சொன்னாள். துண்டு எவ்வளவு விழும் என்று ஹபீபுல்லா துருவித் துருவிக் கேட்டார். தண்ணீருக்கு, கரண்டுக்கு, ஆட்களின் சம்பளத்துக்கு என்று அவள் பிரித்துப் பிரித்துச் சொன்னாள். ஓர் இடத்தில் அவள் குறைத்துப் போட்டிருந்தாள். அவர் அதைக் கண்டுபிடித்து ஏற்றினார். "ஏமாத்தலைம்மா நீ. ஆனா செப்டிக் டேங்க் வண்டியை மறந்துட்டே" என்றார். பெலிண்டா வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டாள். கடைசியில் அவர் பேனாவை மூடினார்.

"ஒரு வருஷத்துக்குன்னு போட்டா ஏர்போர்ட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, இல்லையா? சரி, வருஷா வருஷம்னே போடுவோம். ஆனா என் வார்டுச் சாக்கடை ஓட்டுக்கு வர்றப்ப நீ கை தூக்கணும்."

"ரெண்டு கையும் தூக்குறேன் பாய்."

தீர்மானம் மன்றத்திலும் நிறைவேறியது. பாக்கி இருந்தது அனந்தபத்மநாபனின் இரண்டாவது நிபந்தனை. அவர் வருகிற தேதி தெரிந்ததும் பிராங்க்ளின் சொன்னான்: "சகாயம்மாக்காகிட்ட முன்னாடியே போய்ப் பேசி வச்சிடு. அவங்க மட்டும் வேண்டாம்னு சொன்னாங்கன்னா எல்லாம் போச்சு."

"நான் சொல்லிக் கொடுத்து அவங்க சொன்னா, அது அவங்க வாயால வந்ததா ஆகாது. அவங்க என்ன நினைக்கிறாங்களோ சொல்லட்டும்."

"துணிஞ்ச கட்டைதான் நீ."

துணிச்சல் என்று அவள் நினைக்கவில்லை. சகாயம்மாள் கோபக்காரி, ஆனால் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. அதை நம்பினாள்.

அனந்தபத்மநாபன் ஒரு மத்தியான வேளையில் வந்தார். மனையைச் சுற்றிப் பார்த்தார். தெருவில் அப்போது மூன்று வேன்கள் நின்றன. அறந்தாங்கிப் பக்கத்து ஜனங்கள் நடைபாதையில் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் யாரையும் கூப்பிட்டு அனுப்பச் சொல்லவில்லை. நேராகப் போய், கேட்டுக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்த சகாயம்மாள் முன்னால் நின்றார்.

"அம்மா, நான் ஏர்போர்ட்டிலேருந்து வரேன். இங்கே ஓய்வுக் கூடமும் கழிப்பறையும் கட்டலாம்னு யோசனை. இதனாலே உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

சகாயம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். பெலிண்டாவை ஒரு பார்வை பார்த்தாள். பெலிண்டா கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எனக்கென்னங்க பிரயோஜனம்? எங்க வீட்டுல பாத்ரூம் இருக்கு. எங்களுக்கு வேண்டியது சமுதாயக் கூடம். தரேன்னு சொல்லி ஓட்டு வாங்கிட்டு இவ ஏமாத்திட்டா."

அனந்தபத்மநாபன் தலையாட்டினார். பெலிண்டாவுக்குக் காது சூடானது. அவள் குறுக்கே பேசவில்லை.

"ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க" என்றாள் சகாயம்மாள். "இந்தச் சுவரு நான் கட்டினது. என் வீட்டுக்காரரு செத்ததுக்கு வந்த காசுல கட்டினது. வருஷத்துக்கு ரெண்டு தடவை வெள்ளையடிக்கிறேன். ஒரு வாரம் வெள்ளையா இருந்து நான் பார்த்ததில்லை. காலையில கதவைத் திறந்தா நாத்தம். தெருவுல வயசுப் பொண்ணுங்க ஜன்னல் பக்கம் நிக்க முடியாது. அன்னைக்கு ஒரு புள்ளைத்தாச்சிப் பொண்ணு வந்து கேட்டுது, நான் கதவைச் சாத்தினேன். சாத்தினதுக்கு அப்புறம் எனக்குச் சோறு இறங்கலை. தினம் பத்துப் பேரு கேட்டா நான் எத்தனை பேருக்குங்க திறந்து விடுறது? நீங்க ஒண்ணு கட்டினீங்கன்னா என் சுவரு எனக்குன்னு ஆகும். நானும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. அதுதான் பிரயோஜனம்."

"இதை அப்படியே எழுதிக்கலாமா?"

"எழுதிக்கங்க. ஒருத்தன் தலையில தண்ணி ஊத்தினேன், அதையும் எழுதிக்கங்க. இன்னொண்ணும் எழுதிக்கங்க. வேலைக்கு எங்க தெருப் பொம்பளைங்களைத்தான் வைக்கணும். கான்ட்ராக்டுக்காரன்கிட்ட விட்டா ஒரே மாசத்துல நாறிப் போயிடும். நானே நின்னு பார்த்துக்கறேன். இவளை நம்பி விட முடியாது."

அனந்தபத்மநாபன் காரில் ஏறும்போது பெலிண்டாவிடம், "நீரூற்றை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார். கார் போனதும் பெலிண்டா சகாயம்மாள் பக்கம் திரும்பினாள். "அக்கா…" என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒண்ணும் பேசாதே. உன்மேல எனக்கிருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கு" என்று சகாயம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டடம் மழைக்கு முன்னால் எழும்பியது. பெரிய கட்டடம் இல்லை. உயரமான கூரை, நான்கு பக்கமும் காற்று, சிமென்ட் பெஞ்சுகள், பின்னால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கழிப்பறைகள், ஓரத்தில் டீக்கடை. திறப்பு விழாவுக்கு ஹபீபுல்லா வந்து குழாய் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுப் போனார். சகாயம்மாளும் தெருப் பெண்கள் சிலரும் மகளிர் குழுவாகச் சேர்ந்து டீக்கடையையும் பராமரிப்பையும் எடுத்துக்கொண்டார்கள். கூடத்தின் சட்டதிட்டம் அவள் வாய்தான். "காலைக் கழுவிட்டு ஏறு." "புள்ளையைப் பெஞ்சு மேல நிக்க விடாதே." அழுகிற தாய்மார்களிடம் மட்டும் குரல் இறங்கும். "அழு, நல்லா அழுதுட்டு ஒரு டீ குடி." வேன்கள் தாமாகவே அங்கே வந்து நிற்கப் பழகிக்கொண்டன.

அந்த வருஷக் கடைசியில் தெருக் கூட்டம் கூடியபோது பெலிண்டா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எதிர்பார்த்தது போலவே சகாயம்மாள்தான் முதலில் எழுந்தாள். மேலே இன்னும் டீக்கடை ஏப்ரன்.

"கவுன்சிலரம்மா, அது ஆச்சு. சமுதாயக் கூடம் எப்ப?"

"இடம் கையில இல்லைக்கா. பொன்மலைப் பக்கம் ரயில்வே இடம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். தருவாங்களான்னு தெரியாது. திங்கட்கிழமை போய்க் கேக்கறேன்."

"தனியாவா போறே?"

"ஆமா."

"தனியாப் போனா ஏமாந்துட்டு வருவே. நானும் வரேன்" என்று சொல்லிவிட்டு சகாயம்மாள் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை காலை, ஸ்கூட்டியின் பின்சீட்டில் சகாயம்மாள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெலிண்டா வண்டியைப் பொன்மலை ரோட்டில் விட்டாள். அங்கே என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் சகாயம்மாள் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.